கிஹே கிளார்க்கை மாற்றியிருக்க வேண்டுமா?

2023 மார்ச் 16, ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டியின் முதல் சுற்று. வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 67, ஃபர்மன் 65, கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு நொடி சொச்சம். பந்து வர்ஜீனியாவிடம் இருக்கிறது, அதிலும் அந்த அணியிலேயே பதறாத கை என்று பெயரெடுத்த கிஹே கிளார்க்கிடம் போகிறது. அவர் தன் பக்கத்து மூலையில் பந்தை வாங்கியதுமே ஃபர்மன் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து மூலையோடு சேர்த்து அடைத்துவிட்டார்கள். கிளார்க்கின் உயரம் 5 அடி 9 அங்குலம்தான். கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கும் இரண்டு பேருக்கு மேலாக அந்த உயரத்தில் இருந்து எதையும் சரியாகப் பார்க்க முடியாது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தால், பின்தங்கியிருந்த ஃபர்மன் வேறு வழியில்லாமல் ஃபவுல் செய்திருக்கும், கிளார்க் யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ வீச்சுகளைப் போடப் போயிருப்பார். ஆனால் அவர் பந்தை நடுக்கோட்டுப் பக்கம் தூக்கி எறிந்தார். ஃபர்மனின் காரெட் ஹியென் அதைப் பிடித்து ஜேபி பெகீஸிடம் கொடுக்க, பெகீஸ் மூன்று புள்ளி வீச்சைப் போட்டுவிட்டார். 68-67. வர்ஜீனியாவின் சீசன் முடிந்தது, கிளார்க்கின் கல்லூரி ஆட்டமும் அதோடு முடிந்தது.

அது அவருடைய ஐந்தாவது ஆண்டு. அந்த ஐந்தில் நான்கு ஆண்டுகள் வர்ஜீனியா ரசிகர்கள் ஒரே கேள்வியை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்: இவரை பாயிண்ட் கார்டாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, வைத்திருக்கலாமா, இல்லை வேறு ஆளைக் கொண்டுவர வேண்டுமா? ஆர்லாண்டோவில் நடந்ததைப் பார்த்ததும் "நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தக் கேள்வி ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஏதோ ஒரு ஊரில் எழும். அதற்கு எப்படிப் பதில் தேடுவது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஏனென்றால் இங்கே அவரை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் நடந்து முடிந்துவிட்டது, அவர் போனால் என்ன ஆகும் என்பதும் நடந்து முடிந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022 வசந்தத்தில் அவரை வைத்துக்கொண்டது சரி. அவரை மாற்றச் சொன்னவர்கள் பெரும்பாலும் அவரை ஒரு நிஜமான ஆளோடு ஒப்பிடவில்லை, மனதுக்குள் வரைந்துவைத்திருந்த ஒரு ஆளோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆள் ஆறடி மூன்றங்குலம் இருப்பார், பந்தைத் தொலைக்க மாட்டார், மூன்று புள்ளி போடுவார், வர்ஜீனியாவின் தடுப்பாட்டத்தை வந்த மறுநாளே கற்றுக்கொள்வார். அப்படி ஒருவர் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

சரி, முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்கக் கல்லூரி அணியில் பாயிண்ட் கார்ட் என்பவர் பந்தை எதிர் பக்கம் கொண்டுபோய், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர். அவர் புள்ளி போடாமல் இருக்கலாம், ஆனால் அவர் தடுமாறினால் மற்ற நால்வரும் சும்மா நிற்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு அணிக்கு 13 உதவித்தொகை இடங்கள்தான். ஒருவர் நான்கு சீசன் விளையாடலாம். கோவிட் காலத்து 2020-21 சீசனைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று என்சிஏஏ அறிவித்ததால், அப்போது அணியில் இருந்த எல்லாருக்கும் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. கிளார்க்கின் ஐந்தாவது ஆண்டு அப்படி வந்ததுதான். இதோடு 2021 ஏப்ரலில் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் பொதுவாக ஓர் ஆண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இனி முதல் தடவை மாறினால் உட்காரத் தேவையில்லை, உடனே ஆடலாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம் என்றும் ஆனது. இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்ததும், "வைத்துக்கொள்வதா, மாற்றுவதா" என்ற கேள்வியின் நிறமே மாறிப்போனது. முன்பெல்லாம் மாற்று ஆள் என்றால் பள்ளியில் இருந்து வரும் பதினெட்டு வயதுப் பையன். இப்போது நாடு முழுக்க டிரான்ஸ்ஃபர் பட்டியலில் நிற்கும் நூற்றுக்கணக்கான பேர்.

கிளார்க் கலிஃபோர்னியாக்காரர். லாஸ் ஏஞ்சலிஸில் டாஃப்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். முதலில் யூசி டேவிஸ் என்ற சிறிய அணிக்குத்தான் வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பெரிய கல்லூரிகள் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாத நேரத்தில் வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டோனி பென்னட் கூப்பிட்டார். பென்னட் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிந்துகொள்ள அவருடைய பழைய கதை தெரிய வேண்டும். அவரே கல்லூரிக் காலத்தில் பாயிண்ட் கார்ட். விஸ்கான்சின்-கிரீன் பே அணியில், தன் அப்பா டிக் பென்னட்டின் பயிற்சியில் ஆடியவர். அங்கிருந்து தொழில்முறை லீகான என்பிஏ வரை போய் சார்லட் அணியில் மூன்று சீசன் இருந்தார். பெரிய உடம்போ பெரிய குதிப்போ இல்லாமல், கணக்குப் போட்டு ஆடிப் பிழைத்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு குள்ளப் பையனைப் பார்த்ததும் உயரம் இரண்டாவதாகத்தான் தெரியும்.

2018 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வர்ஜீனியா எந்த நிலையில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு ஏழெட்டு மாதம் முன்புதான் தன் பிரிவில் முதல் தரவரிசை அணியாகப் போய், அதே பிரிவில் கடைசியான 16ஆம் தரவரிசை அணி யுஎம்பிசியிடம் 74-54 என்று தோற்றிருந்தது. ஆண்கள் போட்டி வரலாற்றில் அதற்கு முன் எந்த முதல் தரவரிசை அணிக்கும் நேராத அவமானம். அந்த அணியில் டை ஜெரோம், கைல் கை, டீஆண்ட்ரே ஹன்டர் என்று மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பென்னட் அவர்கள் பக்கத்தில் முதலாண்டு கிளார்க்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். காரணம் இரண்டு. கிளார்க் பந்தைக் கொண்டுவந்தால் ஜெரோம் பந்தில்லாமல் ஓடி, வளைந்து, வீசுவதற்கு வசதியான இடத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், எதிரணியின் பந்து கொண்டுவரும் ஆளை அவனுடைய கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, முழு மைதானமும் கூடவே ஒட்டிக்கொண்டு வர கிளார்க்கால் முடியும். அந்த டிசம்பரில் மணிக்கட்டு உடைந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டும், கையில் கட்டோடு சீக்கிரமே திரும்பி வந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தார். சராசரி 4.5 புள்ளிதான். ஆனால் ஆரிகன் அணிக்கு எதிராக 53-49 என்று மூச்சு முட்டி ஜெயித்த ஆட்டத்தில், ஆரிகனின் பேட்டன் பிரிட்சார்ட் நிம்மதியாக ஒரு வீச்சு எடுக்க முடியாமல் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த 4.5 பெரிய விஷயமாகத் தெரியாது.

அடுத்த ஆட்டம் பர்டூவோடு, லூயிவில்லில், 2019 மார்ச் 30. பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் தனியாளாக 42 புள்ளி போட்ட ராத்திரி. வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறது, ஆறு நொடிகூட இல்லை, ஜெரோமின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ வளையத்தில் பட்டு வெளியே வருகிறது. மமாடி டியாகிட்டே கையை நீட்டித் தட்டிவிட, பந்து எல்லார் தலைக்கும் மேலே பறந்து நடுக்கோட்டைத் தாண்டி வர்ஜீனியாவின் சொந்தப் பக்கத்துக்கே உருண்டு ஓடிவிட்டது. கிளார்க் அதைத் துரத்திப் பிடித்துத் திரும்புகிறார். பக்கத்தில் ஜெரோம் பந்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அணியின் மிகச் சிறந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்கும்போது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் யாராக இருந்தாலும் அவரிடம்தான் கொடுத்திருப்பான். கிளார்க் அவரைத் தாண்டிப் பார்த்தார். கூடைக்குப் பக்கத்தில் தனியாக நின்ற டியாகிட்டேவுக்கு நேராக ஒரு நீளமான பாஸ். டியாகிட்டே வாங்கிய கையோடு வீச, மணி அடிக்க, 70-70. கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 80-75 என்று ஜெயித்தது. அப்புறம் ஆபர்னை 63-62, இறுதியில் டெக்சஸ் டெக்கை 85-77. கல்லூரியின் முதல் தேசியப் பட்டம்.

அந்த ஒரு பாஸுக்காக மட்டும் அவரை நான்கு ஆண்டு வைத்திருந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. நன்றிக்கடனுக்காக ஒருவரைக் களத்தில் ஒரு ஆட்டத்துக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து நிமிடம் நிறுத்துகிற பயிற்சியாளர் வேலையில் நீடிக்க முடியாது. அவரை வைத்திருந்ததற்கான காரணம் வர்ஜீனியாவின் ஆட்ட முறையிலேயே இருக்கிறது. இந்த விவாதத்தில் பலரும் அவசரமாகக் கடந்துபோகிற இடம் இது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வர்ஜீனியா அப்போது நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று. ஒரு ஆட்டத்தில் பந்து அவர்கள் கைக்கு ஏறத்தாழ 60 தடவைதான் வரும். வேகமாக ஆடும் அணிக்கு இது 70, 75 கூடப் போகும். அறுபது தடவை மட்டும் பந்து வரும் அணிக்கு ஒவ்வொரு தடவையும் விலை கூடுதல். ஐந்து தடவை பந்தைத் தொலைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. இன்னொரு பக்கம் அவர்களுடைய தடுப்பாட்டம். டிக் பென்னட் உருவாக்கிய பேக் லைன் முறை. கூடையைச் சுற்றி சுமார் 16 அடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, பந்து வைத்திருப்பவரைப் பிடிப்பவர் தவிர மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் சுருங்கி நிற்பார்கள். ஐந்து பேரும் பின்னால் வந்து நின்றுவிட்டால் இதை உடைப்பது மிகவும் கஷ்டம். ஆனால் நடு மைதானத்தில் பந்தைப் பறிகொடுத்தால் எதிரணி ஓடிப்போய்க் கூடையில் போட்டுவிடும், அந்தக் கோட்டுக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை. ஆக, வர்ஜீனியாவில் பாயிண்ட் கார்ட் பந்தைத் தொலைக்காமல் இருப்பது தாக்குதலுக்கு மட்டும் உதவுவதில்லை, தடுப்பாட்டத்தில் பாதியே அதுதான். ஒரு டர்ன்ஓவர், அதாவது பந்தைப் பறிகொடுப்பது, நடந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும், டிவியில் மூன்று தடவை திரும்பக் காட்டுவார்கள். நடக்காமல் போன டர்ன்ஓவரை யாரும் காட்டுவதில்லை.

2019-20 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெரோம், கை, ஹன்டர் மூவரும் என்பிஏவுக்குப் போய்விட்டார்கள். இரண்டாமாண்டு கிளார்க்கின் கையில் மொத்த அணியும் வந்து விழுந்தது. சராசரி 10.8 புள்ளி, 5.9 அசிஸ்ட் (கூட்டாளி புள்ளி போட வழிசெய்யும் பாஸ்) என்று உயர்ந்தார், கூடவே டர்ன்ஓவரும் கூடியது. டிசம்பரில் பர்டூவிடம் 69-40 என்று அடிவாங்கிய ராத்திரி எல்லாம் பார்க்கவே முடியாத ராத்திரி. "இவர் துணைப் பாத்திரம்தான், கதாநாயகன் இல்லை" என்ற பேச்சு அப்போது தொடங்கியது. அணி சராசரியாக 57 புள்ளிதான் போட்டது. ஆனால் எதிரணிக்கு 52.4தான் கொடுத்தது, அந்த ஆண்டு நாட்டிலேயே மிகக் குறைவு. 23 வெற்றி, 7 தோல்வி. கடைசி எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து நின்ற நேரத்தில் கோவிட் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. வெறும் 57 புள்ளி போடுகிற அணி 23 ஆட்டம் ஜெயிப்பது எப்படி என்று யோசித்தால், பந்து யார் கையில் இருந்தது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

இப்போது மாற்றச் சொன்னவர்களின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அவர்கள் சொன்னதில் உண்மை நிறைய இருந்தது.

முதலாவது, உயரம். பேக் லைன் முறையில் எதிரணி ஒருவரைக் குறுக்கே நிறுத்தித் திரையிட்டு ஆளை மாற்றிவிட்டால், கிளார்க் ஆறரை அடி ஆளின் முன்னால் போய் நிற்க நேரும். எவ்வளவு குனிந்து, எவ்வளவு முட்டி மோதினாலும் அந்த ஆள் நேராக மேலே எழும்பி வீசுவதைத் தடுக்க முடியாது. தாக்குதலிலும் கூடைக்கு அடியில் நுழைந்துவிட்டு, மேலே ஏழடி ஆள் நிற்பதைப் பார்த்துத் திரும்பி வெளியே பந்தைத் தள்ளுவது அவருடைய வழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டாவது, இடப்பற்றாக்குறை. 2020இல் ரீஸ் பீக்மன் வந்தார். 6 அடி 3 அங்குலம், நீண்ட கை, தடுப்பாட்டத்தில் அசாத்தியமானவர், ஆனால் தொடக்கத்தில் தூர வீச்சு பலவீனம். கிளார்க்கையும் பீக்மனையும் ஒன்றாக நிறுத்தினால் எதிரணித் தடுப்பாளர்கள் இருவரையும் கொஞ்சம் விட்டுவிட்டு உள்ளே நெருங்கி நிற்பார்கள். கூடைக்கு முன்னால் நெரிசல். 2021-22இல் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தது. சீசனின் முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் நேவியிடம் 66-58 தோல்வி, கடைசியில் 21-14 என்ற கணக்கு, என்சிஏஏ போட்டிக்கே போகவில்லை. போட்டி நடந்த ஆண்டுகளில் 2013க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. என்சிஏஏவில் இடம் கிடைக்காத அணிகள் ஆடும் என்ஐடி போட்டியிலும் காலிறுதியில் செயின்ட் பானவென்ச்சரிடம் 52-51.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் எனக்கு மிகவும் கனமாகத் தெரிவது. ஒருவர் முப்பத்தைந்து நிமிடம் களத்தில் இருந்தால் அந்த இடத்தில் வேறு யாரும் வளர முடியாது. கேசி மோர்செல் என்ற கார்ட் (கூடைக்கு வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்) 2019இல் பெரிய பெயரோடு வந்தார். முதலாண்டில் அவருடைய மூன்று புள்ளி வீச்சு 18 சதவீதத்துக்கும் கீழே. வெளியே உட்கார்ந்து உட்கார்ந்து, 2021இல் என்சி ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அங்கே நிதானமாக வளர்ந்தார். 2024இல் என்சி ஸ்டேட், வர்ஜீனியாவும் இருக்கிற கல்லூரிக் கூட்டமைப்பான ஏசிசியின் பட்டத்தை வென்று, யாரும் எதிர்பாராமல் தேசிய அரையிறுதி வரை போனபோது அந்த அணியின் தொடக்க ஐவரில் ஒருவர் மோர்செல். அந்த ஏசிசி போட்டியின் அரையிறுதியில் அவர்கள் வீழ்த்தியது யாரை? வர்ஜீனியாவைத்தான், கூடுதல் நேரத்தில், 73-65. அன்று அதைப் பார்த்த வர்ஜீனியா ரசிகருக்கு வயிறு எரிந்திருக்கும். அவர் கிளார்க் ஆடிய இடத்துக்குரியவர் இல்லை, அவர் போனதற்குக் கிளார்க் மட்டும் காரணமும் இல்லை. ஆனால் கார்டுகளுக்கான நிமிடங்கள் எல்லாம் இரண்டு மூன்று பேரிடமே முடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சாட்சி.

ஆக 2022 வசந்தத்தில் நிலைமை இதுதான். என்சிஏஏ போட்டியைத் தவறவிட்ட அணி. நான்கு ஆண்டு ஆடி முடித்துவிட்ட 5 அடி 9 அங்குலக் கார்ட், விரும்பினால் இன்னொரு ஆண்டு இருக்கலாம். ஐசக் மெக்நீலி, ரையன் டன், லியோன் பாண்ட், ஐசக் டிராவுட் என்று நான்கு புதிய மாணவர்கள் வரப்போகிறார்கள். இதில் மெக்நீலி நல்ல வீச்சுக்காரக் கார்ட். "கிளார்க்குக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டு, பந்தைப் பீக்மனிடம் கொடுத்து, மெக்நீலியைப் பக்கத்தில் நிறுத்துங்கள்" என்பது காகிதத்தில் அழகான யோசனை. நானே அதைப் படித்தபோது ஒரு நிமிடம் தலையாட்டியிருக்கிறேன்.

ஆனால் கிளார்க் இருந்ததால் 2022-23இல் என்ன நடந்தது என்று பாருங்கள். பந்தைக் கொண்டுவரும் பாரம் பாதிக்கு மேல் குறைந்த பீக்மன், எதிரணியின் மிகச் சிறந்த கார்டைப் பிடிப்பதில் முழுச் சக்தியையும் போட்டு ஏசிசியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். மெக்நீலி முதலாண்டில் பந்தைக் கையாளும் தலைவலி இல்லாமல், மூலையில் நின்று வீசிப் பழகினார். கிளார்க் 10.7 புள்ளி, 5.4 அசிஸ்ட். ஜான் குரோட்டியின் 683 அசிஸ்ட் என்ற கல்லூரிச் சாதனை முப்பது ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்தது, அதையும் தாண்டினார். நவம்பர் 13 அன்று அந்த வளாகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அமெரிக்கக் கால்பந்து அணி மாணவர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். கல்லூரியே உடைந்து கிடந்த நேரம். அதற்குச் சில நாட்களிலேயே லாஸ் வேகஸ் போய் பேய்லரை 86-79, இலினாயை 70-61 என்று ஜெயித்தது இந்த அணி. அப்படி ஒரு வாரத்தில் ஐந்தாவது ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் அறையில் இருப்பதற்கு என்ன மதிப்பு என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மதிப்பு இல்லை என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது. டிசம்பரில் தேசியப் பட்டியலில் இரண்டாம் இடம், சீசன் முடிவில் ஏசிசியில் 15-5, மயாமியோடு சேர்ந்து முதலிடம். முந்தைய ஆண்டு என்ஐடிக்குப் போன அணி இது. ஏசிசி போட்டியில் வர்ஜீனியாவின் முதல் ஆட்டத்துக்கு முன் பென் வாண்டர் பிளாஸ் கை உடைந்து உட்கார்ந்துவிட்டார். நல்ல வீச்சுள்ள பெரிய ஆட்டக்காரர் அவர், களத்தைத் திறந்துவைத்தவர். அவர் இல்லாமல் இறுதியில் டியூக்கிடம் 59-49 தோல்வி, அதற்கடுத்து ஆர்லாண்டோ.

அந்த மூலைக்குத் திரும்பிப் போவோம். அந்தப் பாஸ் தவறுதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் பந்து உள்ளே வந்தபோது கிளார்க் மூலையில் ஏன் இருந்தார், இரண்டு பேர் அடைத்தபோது உதவிக்கு ஓடிவந்து முகத்தைக் காட்டியவர் யார் என்று பார்த்தால், தவறு ஐந்து பேருக்கும் பங்கிடப்படுகிறது. முழு மைதான அழுத்தத்தில் மூலையும் கோடும் கூடுதலாக இரண்டு தடுப்பாளர்கள் மாதிரி. உயரமான கார்ட் அங்கே மாட்டினால் தலைக்கு மேலே பார்த்து நிதானமாகக் கொடுக்கலாம். குள்ளமான கார்டுக்கு யாராவது பந்தை நோக்கி ஓடிவர வேண்டும். உயரத்தைப் பற்றிப் புகார் சொன்னவர்கள் இந்த இடத்தில் சொல்வது சரி. ஆனால் அதே உயரத்தோடுதான் அதற்கு முன் 160 ஆட்டம் ஆடியிருக்கிறார். 161 ஆட்டம் என்பதும் அந்தக் கல்லூரியில் ஒரு சாதனை. 2019இல் பக்கத்தில் இருந்தவரை விட்டுத் தூரத்தில் பார்த்த அதே பழக்கம்தான் 2023இலும் அவரைத் தூரத்தில் பார்க்க வைத்தது. ஒன்றைக் கொண்டாடிவிட்டு இன்னொன்றுக்காக மட்டும் ஒரு ஆளை எடை போட முடியாது.

சரி, அவர் போன பிறகு? இதுதான் மாற்றச் சொன்னவர்கள் காத்திருந்த ஆண்டு. 2023-24இல் பந்து முழுக்கப் பீக்மன் கையில். அவர் ஏமாற்றவில்லை. 14.3 புள்ளி, 6.2 அசிஸ்ட், மறுபடியும் ஏசிசியின் சிறந்த தடுப்பாட்டக்காரர். கிளார்க்கைவிடச் சிறந்த பாயிண்ட் கார்ட் என்று நானே சொல்வேன். இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் வருகிறது. பீக்மன் ஏற்கெனவே அணியில் இருந்தவர். கிளார்க்கின் இடத்துக்கு வந்தவர் பீக்மன் இல்லை, பீக்மனுக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஆள்தான். அது யார்? டான்டே ஹாரிஸ் என்று ஜார்ஜ்டவுனில் இருந்து ஒருவரை 2023 ஜனவரியிலேயே கொண்டுவந்திருந்தார்கள். 2021இல் பிக் ஈஸ்ட் என்ற இன்னொரு கூட்டமைப்பின் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர், கிளார்க்கின் இடத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி. நவம்பரில் கணுக்கால் அடிபட்டு வெளியே போனார், திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. அடுத்து ஆண்ட்ரூ ரோடி, செயின்ட் தாமஸ் என்ற சிறிய கல்லூரியில் முதலாண்டிலேயே சராசரி 17 புள்ளிக்கு மேல் போட்டவர், 6 அடி 6 அங்குலம். உயரம் கேட்டவர்களுக்கு உயரம் கிடைத்தது. வர்ஜீனியாவில் அந்த ஆண்டு அவருடைய சராசரி ஐந்தைத் தொடவில்லை. சிறிய கல்லூரியில் பந்தை வைத்துக்கொண்டு இஷ்டப்படி ஆடிய பையனை, ஏசிசியில், இவ்வளவு கட்டுப்பாடான ஆட்ட முறைக்குள், முதல் ஆண்டிலேயே கொண்டுவந்து நிறுத்தினால் தடுமாறாமல் என்ன செய்வார்? அவர் மேல் குற்றமில்லை.

கிளார்க் மட்டும் போயிருந்தால் கணக்கு எளிதாக இருந்திருக்கும். ஜேடன் கார்ட்னர், அர்மான் ஃபிராங்க்ளின், கடின் ஷெட்ரிக் எல்லாரும் அதே கோடையில் போனார்கள். அதனால் 2024இல் நடந்ததையெல்லாம் ஒரு கார்டின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அக்கரை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. மாற்று ஆள் என்றால் பெயரும் முகமும் உள்ள ஒருவர். அவருக்குக் கணுக்கால் சுளுக்கும், புது ஊரில் தூக்கம் வராது, திரையை எந்தப் பக்கம் சுற்றி வருவது என்று மறந்துபோகும்.

என்னைக் கேட்டால் பென்னட் செய்த தவறு வேறு இடத்தில் இருக்கிறது. கிளார்க்கை வைத்துக்கொண்டார், சரி. ஆனால் அவரை அவ்வளவு நிமிடம் ஆடவிட்டது சரியில்லை. 2022-23இல் அவருக்கு ஒரு ஆட்டத்துக்கு 28 நிமிடம் கொடுத்து, மீதி நேரத்தில் பீக்மன் பந்தைக் கொண்டுவர, பக்கத்தில் மெக்நீலி நிற்க, பலமில்லாத அணிகளுக்கு எதிராகவாவது பழக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கிளார்க்குக்கும் மார்ச்சில் கால் லேசாக இருந்திருக்கும், அடுத்த ஆண்டு பீக்மனும் மெக்நீலியும் கிளார்க் இல்லாத அணியில் முதல் தடவையாக நீண்ட நேரம் சேர்ந்து ஆடும் நிலை வந்திருக்காது. வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று இரண்டில் ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருந்ததில், எத்தனை நிமிடம் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. ரசிகர்களும் கேட்கவில்லை, பயிற்சியாளரும் கேட்டதாகத் தெரியவில்லை. மெதுவாக ஆடும் அணியில் எல்லா ஆட்டமும் கடைசி நிமிடம் வரை நெருக்கமாகவே போகும். நெருக்கமான ஆட்டத்தில் நம்பிய கையை வெளியே எடுக்கப் பயிற்சியாளருக்கு மனசு வராது. இந்த முறையே அவரைக் கிளார்க்கோடு கட்டிப்போட்டது என்றுகூடச் சொல்லலாம்.

2024 மார்ச் 19, ஓஹாயோவின் டேட்டன். கிளார்க் இல்லாத முதல் என்சிஏஏ ஆட்டம், பிரதான சுற்றுக்கு முந்தைய தகுதிச் சுற்று, எதிரே கொலராடோ ஸ்டேட். பீக்மன் பந்தைக் கொண்டுவருகிறார், கொலராடோ ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் பந்தை விட்டதும் அடுத்து வாங்குபவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, திரும்ப அவரிடமே வருகிறது. முதல் பாதியில் வர்ஜீனியா போட்ட புள்ளி 14. முடிவில் 67-42. அந்த அக்டோபரில் பென்னட்டும் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்று டேட்டனில் களத்துக்கு வெளியே, தொலைக்காட்சி அவ்வப்போது காட்டிய வர்ஜீனியா பெஞ்சில், பீக்மன் மூச்சு வாங்க இரண்டு நிமிடம் உட்கார வேண்டுமென்றால் பந்தைக் கொண்டுவர யாரை எழுப்புவது என்றுதான் நான் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.